கிழிசல் சொல்லும் நேரம்

பதிவேட்டிலிருந்து அவசரமாகக் கிழித்த தாள் அது. ஓரம் கோணல்மாணலாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு கைகள் அதை விரித்து அழுத்திப் பிடித்திருந்தன. கவச உடைக்குள் எல்லோரும் ஒன்றுபோல் இருப்போம் என்பதால் முதுகில் அவரவர் பெயரை எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த நீல மார்க்கரால்தான் தாளிலும் எழுதியிருந்தது. உள்ளே நின்ற என் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒரு துளி வழிந்து தெளிந்திருந்த கோட்டின் வழியாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். "7-க்கு உடனே சுகர் பாருங்க. 8-ஆம் பெட் இன்சுலினை 7-க்குப் போட்டுட்டேன்." கீழே அவளுடைய பெயர், இனிஷியலோடு. தாளுக்கு மேலே அவள் முகம். குளித்த கையோடு ஓடி வந்திருக்கிறாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதே எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். தப்பை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுது ஆர்ப்பாட்டம் செய்து தப்பித்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தன் தப்பைப் பெயர் போட்டு எழுதி, எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடியில் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியை அதற்கு முன் பார்த்ததில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலை அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனை. எது என்று சொல்லப்போவதில்லை, இன்றும் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு என்னால் தலைவலி வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நான் இன்சார்ஜ் சிஸ்டர். சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டுக்காரி. உயரம் குறைவு, உடம்பு உருண்டை, வாய் காரம். எனவே என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் எனக்கு எங்கள் ஊர்க் குண்டு மிளகாயின் பெயரை, 'முண்டு வத்தல்' என்று வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நான் வராந்தாவில் வருகிறேன் என்றால் ட்ரேயில் கத்தரிக்கோல்கூட நேராகப் படுத்துக்கொள்ளும் என்று ஒரு டாக்டர் கேலி செய்வார்.

அந்த நாட்களில் எங்கள் பாடு என்னவென்று இப்போது சொன்னால் கதை விடுவதுபோலத்தான் இருக்கும். காலை எட்டு மணி முறை என்றால் ஏழு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். கவச உடையை மாட்டிவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. வெளியே சித்திரை வெயில். உள்ளே ஏசி போடக் கூடாது என்று உத்தரவு. கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை ஊற்றும். மூக்குத்தண்டில் கண்ணாடி அழுத்திப் புண்ணாகி, அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதற்கு மேல் மறுபடியும் கண்ணாடியை மாட்டுவோம். இரண்டு வாரம் வேலை, அதுவரை வீட்டுக்குப் போகக் கூடாது. யாத்திரைக்காரர்கள் வராமல் காலியாகக் கிடந்த ஒரு லாட்ஜில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். என்னோடு இருந்த ஒரு பிள்ளைக்குக் கைக்குழந்தை. வீடியோவில் அது அழுவதைப் பார்த்ததும் இவளுக்குப் பால் சுரந்து நெஞ்சு கட்டி, காய்ச்சலோடு வேலைக்கு வந்தாள். காய்ச்சல் என்று சொன்னால் கொரோனா வார்டில் படுக்கவைத்துவிடுவார்கள் என்று பயந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

உடம்பு படும் பாட்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது பயம். நோய் வந்துவிடுமோ என்ற பயம் பத்து நாளில் மரத்துப்போனது. தப்புச் செய்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் போகவே இல்லை. ஒரு நர்ஸ் இரண்டு பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஏழு எட்டுப் பேரைப் பார்த்தோம். எல்லோருக்கும் மருந்து, எல்லோருக்கும் குழாய், எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் அலறும். கை நடுங்காத ஒருத்தியும் இல்லை. அந்த நடுக்கத்துக்கு நான் செய்த வைத்தியம் அதட்டல். மருந்து ஐந்து நிமிஷம் தாமதமானாலும் பிடிபிடியென்று பிடிப்பேன். அப்படி இருந்தால்தான் தப்பு நடக்காது என்று எனக்கு நம்பிக்கை. அதில் ஓர் ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டில் ஒன்று தண்ணீரே இல்லாமல் காய்ந்து கிடந்தது. யார் பார்க்காமல் விட்டது என்று கேட்டேன். பன்னிரண்டு பேர் நின்றார்கள், ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அன்று எல்லோரையும் சேர்த்து ஏசிவிட்டு, பெரிதாக ஒழுங்குபடுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு போனேன்.

தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பாம்பன் பொண்ணு. வார்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். அலை வந்தபோது ஒப்பந்தத்தில் எடுத்த பிள்ளைகளில் ஒருத்தி. வயது இருபத்து நான்கு. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அய்யா விசைப்படகு ஓட்டுகிறவர். அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். "எங்கம்மா மூச்சப் பிடிச்சுக்கிட்டு முங்குறதப் பாத்தா இந்த மாஸ்க்கெல்லாம் என்ன மேடம்" என்று முதல் நாளே சொன்னாள். வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். நோயாளியைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைக்க ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் குழாயைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவளிடம் கொடுத்தால் மற்ற நான்கு பேரும் நிம்மதியாகத் திருப்புவார்கள். அப்படி ஓர் ஆடாத கை அவளுக்கு.

அன்று நடந்தது இதுதான். ஏழாம் கட்டிலில் கீழக்கரைப் பெரியவர் ஒருவர் இருந்தார். எட்டாம் கட்டிலில் சாயல்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர், நாற்பது வயது இருக்கும். இருவரும் மயக்க மருந்தில் வென்டிலேட்டரோடு குப்புறக் கிடந்தார்கள். முகம் தெரியாது. முதுகும் போர்வையும்தான் தெரியும். காலை பதினொரு மணிக்கு ஏழாம் இடத்துச் சுவர்க் குழாயில் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கியது. பெரியவருக்கு அது போதாது. நான் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, கட்டிலோடு தள்ளி இருவரையும் இடம் மாற்றினேன். பெரியவர் எட்டுக்குப் போனார், சாயல்குடிக்காரர் ஏழுக்கு வந்தார். அந்த நேரம் பாம்பன் பொண்ணு கூடத்தின் கடைசியில் ஒரு நோயாளியின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் அந்த நோயாளியின் வீட்டார் பேசிக்கொண்டிருந்தார்கள். இடம் மாறியது அவளுக்குத் தெரியாது.

ஒரு மணிக்குப் பெரியவருக்குப் போட வேண்டிய இன்சுலினை ஏழாம் கட்டிலில் கிடந்தவருக்குப் போட்டாள். இரண்டு மணிக்கு முறை முடிந்து வெளியே வந்து, உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு, ஏழு மணி நேரத்துக்குப் பிறகு முதல் வாய்த் தண்ணீரை எடுத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் பேச்சுவாக்கில், "அந்தக் கீழக்கரைப் பெரியவர எட்டுக்குத் தள்ளுறதுக்குள்ள எனக்கு இடுப்பே போச்சு" என்று சொன்னாளாம். வாயில் இருந்த தண்ணீரை விழுங்கக்கூட இல்லை, துப்பிவிட்டு ஓடி வந்துவிட்டாள். சர்க்கரை நோயே இல்லாத ஒருவருக்கு இன்சுலின் போனால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். விழித்திருப்பவர் என்றால் கண் இருட்டுகிறது, வியர்க்கிறது என்று சொல்வார். மயக்கத்தில் கிடப்பவர் தூங்குகிறபடியே போய்விடுவார். அந்த நாட்களில் ஒருவர் அப்படிப் போனால் ஏன் என்று யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

மதிய முறைக்கு ஆள் குறைந்ததால் நான் அன்று வெளியே போகாமல் உள்ளேயே இருந்தேன். தாளைப் படித்ததும் ஏழாம் கட்டிலுக்கு ஓடினேன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், ஏறியிருந்தது. மறுபடி பார்த்தேன், நின்றது. பெரியவருக்குப் போக வேண்டிய மருந்தும் போனது. இதெல்லாம் முடிந்து ஒரு பெருமூச்சு விட்டபடி நிமிர்ந்தபோதுதான், ஏழாம் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தொங்கிய பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அதில் கீழக்கரைப் பெரியவரின் பெயர் இருந்தது.

என் வார்டில் ஒரு சட்டம் உண்டு. பெயர்ப்பலகையை யாரும் தொடக் கூடாது. நோயாளி இடம் மாறினால் பலகையை நானே என் கையால் மாற்றுவேன். வேறு யாராவது தொட்டால் தொலைத்துக்கட்டிவிடுவேன். காலையில் இடம் மாற்றிய உடனே பெரியவருக்கு ஆக்சிஜன் அளவு சரிந்தது. அவரைப் பார்க்க ஓடியவள் பலகையை மறந்துவிட்டேன். அந்தப் பொண்ணு பலகையைப் பார்த்து, சரியாகப் படித்து, அது சொன்னபடி ஊசி போட்டிருக்கிறாள். தப்பு என்னுடையது. நான் இரண்டு பலகைகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். அப்படி மாற்றியது சரிதான், இல்லாவிட்டால் அடுத்தவளும் ஏமாந்திருப்பாள். ஆனால் மாட்டும்போது யாரும் பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அது சரியில்லை. ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஐந்து மணிவாக்கில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எப்படி இருக்காரு மேடம்?"

"இருக்காரு. சுகரு ஏறி நின்னுருச்சு."

அவள் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். பிறகு மடித்த இன்னொரு தாளை நீட்டினாள். நடந்ததை அவளே விளக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு சாக்கும் இல்லை, 'ஆனால்' என்று ஒரு வார்த்தை இல்லை. நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. அதை மறைக்க வழக்கம்போலக் குரலை உயர்த்தினேன்.

"ஏன் பிள்ள, ஊரு பூராம் பாக்குற மாதிரியா எழுதிப் பிடிப்ப? ஒருத்திகிட்ட கமுக்கமாச் சொல்லிவிட்டிருந்தா நான் பாத்துக்கிருவேன்ல?"

"யாருட்ட மேடம் சொல்றது? போன் அடிச்சா உள்ள ஒருத்தருக்கும் கேக்காது. உடுப்ப மாட்டி ஒரு ஆளு உள்ள வர இருவது நிமிசம் ஆகும். அதுக்குள்ள அந்த அண்ணனுக்கு என்னமும் ஆயிருந்தா?" அவளே தொடர்ந்தாள். "எங்க அய்யா போட்டுல இப்படித்தான் மேடம். யாரு கைத்தப்பா வலை கிழிஞ்சாலும் அந்த ஆளே அங்கனயே சத்தமாச் சொல்லிரணும். தைச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அவரை ஏசக் கூடாது. அய்யாவும் ஏச மாட்டாரு. தைச்சதுக்குப் பெறகு எம்புட்டு வேணா ஏசிக்கிறலாம்."

"சொல்லாம விட்டா?"

"அடுத்து வலை விடும்போது அம்புட்டு மீனும் அந்தக் கிழிசல் வழியாப் போயிரும்ல. பெறகு போட்டுக்கே சோறு இல்ல."

"தைச்ச பெறகு ஏசுவாரா உங்க அய்யா?"

"எங்கிட்டு மேடம்? தைச்சு முடிக்கையில எல்லாருக்கும் பசி வந்துரும். கஞ்சியக் குடிச்சிட்டு அடுத்த வலைக்குப் போயிருவாக." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள், "நாளைக்கு டூட்டிக்கு வரட்டுமா மேடம்?"

வா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் படிக்கட்டிலேயே சொல்லியிருக்கலாம். கூட யாரும் இல்லை, அவள் கேட்கும் மனநிலையில் இருந்தாள், என் நாக்கு நுனி வரை வந்தது. பொட்டலத்தைக் காட்டி, "முதல்ல சாப்பிடு" என்று அதட்டிவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டு நாள் நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மெமோ வாங்காதவள். நர்சிங் சூப்பிரண்டெண்ட் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. இன்னொரு பக்கம், அவ்வளவு பேரை அதட்டிய வாய், நானே தப்புச் செய்தேன் என்று சொன்னால் நாளை எந்த முகத்தோடு அதட்டும்? மனசு எனக்கு வக்கீல் வேலை பார்த்தது. அவள் சின்னப் பொண்ணு, வேறு வேலை கிடைக்கும் என்றது. இந்த நேரத்தில் நீ தலைகுனிந்தால் வார்டே குலைந்துவிடும் என்றது. நன்றாகத்தான் வாதாடியது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் வேலைக்கு வந்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் பலகைக்கு வெகு அருகில் போய், கண்ணாடி சுவரில் முட்டுகிற மாதிரி நின்று, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். தன் கண்ணை அவள் நம்பவில்லை. நன்றாக இருந்த ஒரு கண்ணை நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனிதர் தூங்கி எத்தனை நாளாகியிருந்ததோ, கண் இரண்டும் சிவந்திருந்தது, பேசப் பேச போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுதிக் கொடுத்து நான் மேலே அனுப்பிய தாள் மேசையில் இருந்தது. அதைக் காட்டி என்னிடம் சொன்னார், "நல்ல பொண்ணுதான் சிஸ்டர். ஆனா பேரப் பாக்காம ஊசி போட்டிருக்கு. நாளைக்கு அந்தக் குடும்பம் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கான்ட்ராக்ட்தானே, இதோட முடிச்சு விட்டுரலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பிறகு ஒரு நியாயத்துக்காக அவள் பக்கம் திரும்பி, போர்டைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டார்.

"பாத்த ஞாபகம் இருக்கு சார். கீழக்கரைப் பெரியவரு பேருதான் இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா மேடம் ஆள இடம் மாத்துனா கையோட போர்டையும் மாத்திருவாங்க. அவங்க ஒருநாளும் மறக்க மாட்டாங்க. எங்கண்ணுதான் தப்பாப் பாத்திருக்கும் சார்."

பேனா என் கையில் இருந்தது. அவள் சொன்னதில் துளிக்கூடக் குத்தல் இல்லை. மனசாரச் சொன்னாள். என்னை இதுவரை யாரும் அவ்வளவு உயரத்தில் வைத்ததில்லை. அங்கே நிற்க எனக்குக் கால் கூசியது.

"அவ கண்ணு சரியாத்தான் பாத்துச்சு சார்" என்றேன். "போர்ட மாத்தாம விட்டது நான். சுகர் ஏறுன பெறகு நானே மாத்தி மாட்டுனேன். ரெண்டு நாளா யாருட்டயும் சொல்லல."

போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவளைப் போல 'ஆனால்' இல்லாமல் எழுதப் பார்த்தேன். எனக்கு மூன்று இடத்தில் வந்துவிட்டது, அடித்துவிட்டேன். எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷப் பட்டியலிலிருந்து என் பெயர் போனது. ஒப்பந்தம் முடியும்வரை அவள் இருக்கலாம் என்று உத்தரவு வந்தது.

வெளியே வந்ததும் அவள் என் காலில் விழுவாள், நன்றி சொல்வாள் என்றெல்லாம் நீங்கள் நினைத்தால் பாம்பன்காரியை உங்களுக்குத் தெரியாது. வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. "ரெண்டு நாளு மேடம். ரெண்டு நாளா எங்கண்ணு போச்சுன்னு நெனச்சு அழுதுக்கிட்டு கெடந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரம் வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் எனக்கு மரியாதை கூடியதும் அந்த வாரத்தில்தான்.

மறுநாள் காலை முறை மாறும் நேரத்தில், கட்டில் கட்டிலாக விவரம் சொல்லத் தொடங்கும் முன், எல்லோரையும் நிற்கவைத்து நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, இனிமேல் முறை மாறும்போது முதலில் அவரவர் கிழிசலைச் சொல்வோம், சரிசெய்யும்வரை யாரும் ஏச மாட்டார்கள், நானும் ஏச மாட்டேன் என்றேன். யாரும் நம்பவில்லை. முண்டு வத்தல் இனிக்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்று நாள் நான் மட்டும் சொன்னேன். நான்காம் நாள் கைக்குழந்தைக்காரி, காய்ந்து கிடந்த அந்த ஆக்சிஜன் பாட்டில் தன்னுடையதுதான் என்றாள். அன்று காய்ச்சலில் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாளாம். எனக்குக் காய்ச்சல் தெரியும், பாட்டில் தெரியும், இரண்டையும் முடிச்சுப் போடத்தான் தெரியவில்லை. அதற்குப் பிறகு தினமும் இரண்டு மூன்று வந்தன. பாதி மருந்து போன கதை, மாற்றி எழுதிய எண், கழன்றிருந்த குழாய். ஒவ்வொன்றையும் அங்கேயே தைத்தோம். குப்புறக் கிடப்பவர்களின் முதுகில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதும் பழக்கம் அப்படி வந்ததுதான். எங்களுக்கும் முதுகில் பெயர், அவர்களுக்கும் முதுகில் பெயர். ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் நின்ற அந்தப் பிள்ளைகள், தலையைக் குனியாமல் தங்கள் தப்பைச் சொன்னதை நான் தினமும் பார்த்தேன். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கீழக்கரைப் பெரியவர் பிழைக்கவில்லை. அந்த ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நுரையீரல் முழுவதும் போய்விட்டது. துபாயிலிருந்து அவர் மகள் போனில் ஓதியதைப் பாம்பன் பொண்ணுதான் அவர் காதருகே பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தா, துஆ செய்றோம் அத்தா" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. ஓதி முடியும்வரை அவள் கையை இறக்கவில்லை. அன்று முறை மாறும்போது, "இன்னைக்கு கிழிசல் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். கூட நின்ற நாங்களும் அழுதோம்.

சாயல்குடிக்காரர் பிழைத்தார். குழாயை எடுத்து, குரல் கரகரவென்று வரத் தொடங்கிய நாளில் நாங்கள் இருவரும் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். அவர் எங்கள் இரண்டு கவச உடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார், அழுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவரோ, "அப்ப எனக்குச் சுகரு இல்லைல்ல?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அது போதும் தாயி. டீயில சீனி போட்டுத் தரச் சொல்லுங்க" என்றார். வெளியே அவர் மனைவிக்கும் சொன்னோம். அந்த அம்மா எங்கள் கையைப் பிடிக்கப் பார்த்தார், தொடக் கூடாது என்று நாங்கள் பின்வாங்க வேண்டியிருந்தது.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன், இன்சார்ஜ் சிஸ்டராகவே. சிறு கூட்டம் வைத்தார்கள். சால்வை, மாலை, ஆளுக்கு இரண்டு நிமிஷப் புகழ்ச்சி. பேசிய ஒரு சகோதரி, என் சர்வீஸில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை, ஒரு மெமோ வாங்கியதில்லை என்று அடித்துச் சொன்னார். அவர் இடையில் மாற்றலாகி வந்தவர், அவருக்குத் தெரியாது. நான் எழுந்து மைக்கை வாங்கினேன். ஒன்று வாங்கியிருக்கிறேன், அதை மறைத்துவிட்டு என்னைப் பாராட்ட வேண்டாம் என்று சொல்லி, பலகையை மறந்ததையும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் பிறகு சொன்னதையும் சொன்னேன். கை தட்டினார்கள். கடைசியில் துணிச்சலாக உண்மையைச் சொன்ன மேடம் என்று யாரோ சொல்ல, இன்னும் பலமாகத் தட்டினார்கள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பாம்பன் பொண்ணு மூன்றாம் வரிசையில் இருந்தாள். இப்போது தேர்வு எழுதி நிரந்தர வேலையில் வேறு மாவட்டத்தில் இருக்கிறாள். அன்று விடுப்புப் போட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள். கைதட்டல் அடங்கியதும் யாரும் கூப்பிடாமலே மேடையேறி என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"மேடம் ஒண்ணச் சொல்லாம விட்டுட்டாங்க" என்றாள். "அன்னைக்கு ஆபீஸ் ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி வாசல்ல வச்சு எங்கையப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படாதடி, நான் இருக்கேன்'னாங்க. நடுங்குனது எங்கை இல்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் அவள் சொன்னால் அப்படித்தான் நடந்திருக்கும். அவள் கண் சரியாகப் பார்க்கும்.